காரணம் சொல்லாத பழக்கங்கள்

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா எத்திராஜிடம் விஷயத்தைச் சொன்னார். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் புண். காசநோய். ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை. ஆனால் பயப்பட வேண்டாம், இப்போது மாத்திரை வந்துவிட்டது, வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டுக் குணமாகலாம். ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது.

எத்திராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். விடாத இருமலுக்கு ஒரு பாட்டில் மருந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தான்.

“வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?”

“சம்சாரம் கீது. ஒரு பொண்ணு. ஏயு வயசு.”

“ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. அவங்களையும் பரிசோதிக்கணும். வீட்டுல எப்படி நடந்துக்கணும்னு அவங்களுக்கும் நான் சொல்லணும்.”

பிறகு அவனுக்கும் நிதானமாகச் சொன்னார். இருமினால் வாயைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கண்ட இடத்தில் துப்பாமல், மூடி போட்ட டப்பாவில் துப்பிக் கொளுத்திவிட வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றோட்டமாகப் படுக்க வேண்டும். குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. பீடியைத் தொடவே கூடாது.

“சரிம்மா, கூட்டியாறேன்” என்றான். படியிறங்கும்போதே, யாரையும் கூட்டிவரப் போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

எத்திராஜ் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்கும் இயந்திரம் அது. போன வருஷம் அவனுடைய கேங்கில் பரசுராமன் என்றொருவன் கோதுமை மூட்டைகளுக்கு நடுவே குனிந்து ரத்தம் துப்பினான். மறுநாள் காலையில் கான்ட்ராக்ட் மேஸ்திரி அவன் பெயரைக் கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் போனான். ஐப்பசியில் செத்துப்போனான். ராயபுரத்தில் எத்திராஜ் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டிலும் அப்படி ஒன்று நடந்திருந்தது. கோடி அறையில் இருந்த தையல்காரரின் மகனுக்கு இதே நோய் என்று தெரிந்ததும், வீட்டுக்காரி பவுனம்மாள் அந்தக் குடும்பத்தையே காலி செய்யச் சொல்லிவிட்டாள். பிறகு முற்றம் முழுவதும் ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். அவள் கெட்டவள் இல்லை. கூடப் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் அந்த நோய்க்கே கொடுத்தவள்.

அன்று சாயங்காலம் அப்துல் வஹாப் கேட்டான், “டாக்டரு இன்னா சொன்னாரு எத்திராஜூ?” கப்பல் தளத்தில் நின்று விஞ்சுக்காரனுக்குக் கையால் சைகை காட்டுகிறவன் வஹாப். ஒரு பீடியை இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். ஒரு கிளாஸ் டீயைப் பாதியாகக் குடிப்பார்கள்.

“ஒன்னியும் இல்ல பாய். கோதும தூசாம். மருந்து குட்த்துகீறாங்கோ.”

சொல்லி முடித்ததும், இனி வீட்டிலும் இதையே சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தான். ஆனால் டப்பாவுக்கும் தனித் தட்டுக்கும் ஜன்னலுக்கும் தூசு காரணம் ஆகாது. இரண்டு நாள் கழித்து வருஷப்பிறப்பு வந்தது. வழி அதில் கிடைத்தது.

சித்திரை முதல் நாள் அவன் மனைவி கெங்கம்மா விடியலிலேயே தலை முழுகி, வேப்பம்பூப் பச்சடியும் வடையும் செய்துகொண்டிருந்தாள். கடைத்தெருவுக்குப் போயிருந்த எத்திராஜ் ஒரு கோணிப்பையோடு திரும்பினான். உள்ளேயிருந்து அலுமினியத் தட்டு, டம்ளர், மூடி போட்ட தகர டப்பா, சிவப்பு சோப்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பினான்.

“இன்னாயா இது, கட போடப்போறியா?”

“ஹேவிளம்பி வருசம் பொறந்துகீது இல்ல? இனிமே நம்ம வூட்ல சில பயக்கம் வெச்சிக்கணும். அவங்கவங்களுக்கு அவங்கவங்க தட்டு, டம்ளரு. ஒருத்தர்த இன்னொருத்தர் தொடக் கூடாது. ஜன்னல மூடக் கூடாது. துன்றதுக்கு முன்னால சோப்பு போட்டுக் கைய கயுவணும். கண்ட எடத்துல துப்பக் கூடாது. நானு பீடிய வுட்டுட்டேன்.”

“யாரு சொன்னாங்கோ இத்தெல்லாம்?”

“ஹார்பர்ல ஒரு டாக்டரு மீட்டிங் போட்டாரு. இந்த மாரி இருந்தா ஒடம்புக்கு ஒன்னியும் வராதாம்.”

கெங்கம்மாவின் காதில் கடைசியாகச் சொன்ன பீடி மட்டும்தான் விழுந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள். “மெய்யாலுமே வுட்டுட்டியா? எம் மேல ஆணையா?”

“வுட்டுட்டேம்மே.”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் அவன் சோப்பைப் பிரிப்பதுபோல் குனிந்துகொண்டான். கெங்கம்மா குழாயடியில் போய்ச் சொன்னாள். அன்று மத்தியானமே பவுனம்மாள் தகர டப்பாவைப் பார்க்க வந்தாள். “இப்டி இல்ல இருக்கணும் ஆம்பள! இந்த வூட்ல முத்தத்துலயே காறித் துப்பிகினு கீறானுங்களே, அவனுங்களுக்கும் சொல்லு எத்திராஜூ” என்றாள். அடுத்த வாரம் பக்கத்து அறைக்காரர்களும் ஆளுக்கொரு சோப்பு வாங்கினார்கள். எத்திராஜுக்குத் தலை நிமிரவில்லை.

சோப்பும் டப்பாவும் சுலபமாக நடந்தன. மகள் மங்கைதான் கஷ்டமாக இருந்தாள். ஷிப்டு முடிந்து அப்பன் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். சந்து முனைக்கு ஓடிவந்து, இடுப்பைப் பிடித்து ஏறித் தோளில் உட்கார்ந்துகொள்வாள். இப்போது அவன் தூரத்திலேயே கையை நீட்டித் தடுத்தான்.

“தள்ளி நில்லும்மா. நைனா மேல ஒரே அயுக்கு.”

முதல் சில நாள் அவள் நம்பினாள். ஒரு நாள் அவன் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, ஈரத் துண்டோடு நின்றவனிடம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். “இப்ப அயுக்கு இல்லியே நைனா.”

“கடைக்குப் போணும்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ரயில்வே கேட்டுவரை நடந்துபோய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தான். கெங்கம்மா வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

“கொயந்த இன்னா பாவம் பண்ணுச்சி?”

“ஒன்னியும் இல்ல. பெரிசாயிகினு வருது. தூக்கிகினு திரியக் கூடாது.”

“ஏயு வயசு பெரிசா? பாயக் கொண்டும்போயி கதவாண்ட போட்டுகினு படுக்கற. துன்ன தட்ட நீயே கயுவற. நானு தொட்டா தீட்டா? யாராண்டயாவது எதனா கேட்டுகினு வந்தியா? எம் மேல எதுனா சந்தேகமா? வாயத் தொறந்து சொல்லுயா!”

அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை ஆரம்பித்தால் மிச்சமும் வந்துவிடும் என்று பயந்தான். அந்த மௌனத்துக்கு அவள் தனக்குத் தெரிந்த அர்த்தமெல்லாம் வைத்துப் பார்த்தாள். வேறு பெண்ணோ? யாராவது தன்னைப்பற்றிக் கோள் சொன்னார்களோ? அதற்குப் பிறகு அவனோடு தேவைக்கு மேல் பேசுவதை விட்டுவிட்டாள்.

மாத்திரைகளை எத்திராஜ் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. விஞ்சுக்குப் பின்னால் கிரீஸ் டப்பா வைக்கும் இடத்தில் ஒரு பொட்டலமாக ஒளித்துவைத்திருந்தான். பத்து மணி டீயோடு மாத்திரையை விழுங்குவான். கூடவே ஒரு பொடி. அதைச் சாப்பிட்டால் குமட்டிக்கொண்டு வரும். வாந்தி எடுப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சில நாள் பொடியைக் கடலில் கொட்டினான். கப்பல் இல்லாத நாட்களில் துறைமுகத்துக்குள் போக முடியாது, அன்று மாத்திரையும் இல்லை. வைகாசியில் இருமல் குறைந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. “பீடிய வுட்டதும் ஒடம்பு தேறிட்ச்சி பாரு” என்று பவுனம்மாளே சொன்னாள். ஒருவேளை டாக்டரம்மா சொன்ன அளவுக்கு ஒன்றும் இல்லையோ என்று அவனுக்குத் தோன்றியது. ஆனியில் பொட்டலம் தீர்ந்தபோது அடுத்த பொட்டலம் வாங்கப் போகவில்லை.

ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. தெருவெல்லாம் பம்பைச் சத்தம். மங்கை மட்டும் போகாமல் பாயில் சுருண்டு கிடந்தாள். நான்கைந்து நாளாகச் சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்று கெங்கம்மா சொல்லியிருந்தாள். எத்திராஜ் கதவோரம் நின்று பார்த்தான். குழந்தையின் கழுத்தில் பச்சிலைப் பத்து அப்பியிருந்தது.

“அது இன்னா கயுத்துல?”

“கட்டி. ரெண்டு மூணு கீது. பத்து போட்டுகீறேன், அமுங்கிடும்.”

அவன் உள்ளே வந்தான். மாதக்கணக்கில் தொடாத குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டு, பத்தை ஒதுக்கி விரலால் தடவிப் பார்த்தான். தோலுக்கு அடியில் நெல்லிக்காய்போல் வரிசையாக உருண்டன. தையல்காரர் மகனுக்கு முதலில் கழுத்தில்தான் வந்தது என்று ஊரே பேசியிருந்தது.

“கெங்கு, கதவ சாத்திட்டு வா.”

“ஜன்னலு மூடக் கூடாது, கதவு மட்டும் சாத்தலாமா?” என்று குத்தலாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அவன் சொன்னான். எக்ஸ்ரே படம், டாக்டரம்மா, மாத்திரை, கடலில் கொட்டிய பொடி, துறைமுகத்தில் நடக்காத மீட்டிங், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் பாயோரத்து நூலை இழுத்துக்கொண்டே இருந்தான்.

கெங்கம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். வெளியே பம்பை ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தது. அவள் பேசியபோது குரல் மிகவும் மெதுவாக வந்தது.

“அந்த ஜன்னல நானு டெய்லி மூடுவேன்யா. நீ தூங்குனப்பால. கடக்காத்து ஜிலுஜிலுன்னு கொயந்த மேல அடிக்குதேன்னு மூடுவேன். நீ எய்ந்திருக்கறதுக்குள்ள தொறந்துடுவேன்.”

அவன் நிமிர்ந்தான்.

“கொயந்த ராவுல எய்ந்து வந்து உன் முதுகாண்ட படுத்துக்கும். நானு பாத்துகினுதான் இருந்தேன். நீ தூக்கல, அதுவாச்சும் ஒட்டிகினு படுக்கட்டும்னு வுட்டேன். காலைல தூக்கியாந்து எம் பாயில போட்டுடுவேன். நீ துன்னு மிச்சம் வெச்சத நானு துன்னேன். கல்யாணம் ஆன நாள்லேந்து அதான பயக்கம். திடீர்னு வாணாம்னா? எந்த சிறுக்கி சொல்லிக் குட்த்தாளோன்னு வீம்புக்குத் துன்னேன். மங்கைக்கும் ஊட்னேன். ‘உங்க நைனா நம்மள வேணாம்னு சொல்லிட்டாரு, துன்னுடி’ன்னு சொல்லி ஊட்னேன்.”

கடைசி வாக்கியம் முடியவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். எத்திராஜ் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் உதறிவிட்டாள்.

“நீ சொல்லிருந்தா நானு அந்த ஜன்னல கயட்டியே எறிஞ்சிருப்பேன். சோப்பு வாங்கியாந்து குட்த்த, டம்ளரு வாங்கியாந்து குட்த்த. இன்னாத்துக்குன்னு மட்டும் சொல்லல.”

மறுநாள் காலையில் மூன்று பேரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதலில் எத்திராஜைப் பார்த்தார். “ஆனியில நீங்க வரல. விலாசம் கேட்டு ஆள் அனுப்பினோம். அப்படி ஒருத்தர் அந்தத் தெருவுல இல்லைன்னாங்க.” அவன் கொடுத்திருந்தது பொய் விலாசம். கெங்கம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் படம் எடுத்தார்கள். கெங்கம்மாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. மங்கைக்குக் கழுத்து நெறிகளில் நோய் வந்திருந்தது. நுரையீரலிலும் சின்னதாக நிழல். எத்திராஜின் புண் முன்பிருந்ததைவிடப் பெரிதாகியிருந்தது.

“நானு அவரு தட்டுல ஊட்னதாலயா டாக்டரம்மா?”

“தட்டுன்னு சொல்ல முடியாதும்மா. ஒரே அறையில மூச்சு விடறதே போதும். பங்குனியில அவர் பரிசோதனைக்கு வர்றதுக்கு முன்னாடியே குழந்தைக்குத் தொத்தியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.”

“அவரு மாத்திரய ஒயுங்கா துன்னிருந்தா?”

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். “ஆபத்து குறைஞ்சிருக்கும்” என்றார்.

மங்கைக்கு ஊசி அன்றே ஆரம்பமானது. எத்திராஜ் கொஞ்ச காலம் மூட்டை, தூசு, வெயில் எல்லாவற்றையும் விட்டு ஓய்வில் இருக்க வேண்டும் என்றார்கள். மேஸ்திரியிடம் அவனே போய்ச் சொன்னான். மேஸ்திரி திட்டவில்லை. இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு, “தேறி வா, அப்பால பாக்கலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கெங்கம்மா நேரே பவுனம்மாளின் அறைக்குப் போனாள். எத்திராஜ் குறுக்கே நின்றான். “இப்ப வாணாம் கெங்கு. வேற எடம் பாத்துகினு அப்பால சொல்லலாம்.”

“மங்கை அவங்க பேரப்புள்ளைங்களோட டெய்லி ஆடிகினு கீது. அந்தப் புள்ளைங்க கயுத்தயும் ஒருத்தர் தடவிப் பாக்கணும். நவுரு.”

உள்ளே அவள் பேசியது கேட்கவில்லை. பவுனம்மாள் சொன்னது மட்டும் முற்றத்துக்கே கேட்டது. “நானு மெச்சிகினு இருந்தேனேடி! ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேனே!” பிறகு ஒரு அழுகை. அது கோபமா, செத்துப்போன அண்ணன் தம்பியா என்று எத்திராஜால் சொல்ல முடியவில்லை. கெங்கம்மா வெளியே வந்து, “ஆவணிக்குள்ள காலி பண்ணணுமாம். புள்ளைங்கள இட்டுகினு போயி காட்றேன்னு சொன்னாங்கோ. அது போதும்” என்றாள்.

தண்டையார்பேட்டையில் ஒரு இரும்புப் பட்டறைக்குப் பின்னால் அறை கிடைத்தது. விசாரித்த முதல் இரண்டு இடங்களில் கெங்கம்மா உண்மையைச் சொன்னாள், அவர்கள் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது இடத்துக்காரர் தாமே அந்த நோயிலிருந்து எழுந்தவர். நாளெல்லாம் சம்மட்டிச் சத்தம். மழை வந்தால் ஒரு மூலை ஒழுகும். கெங்கம்மா பக்கத்துக் கிடங்கில் மிளகாய் பொறுக்கப் போனாள். எத்திராஜ் சமைத்தான், மங்கையை ஊசிக்கு அழைத்துப்போனான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கெங்கம்மா மாத்திரையை அவன் கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பாள். சில நாள் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். அவன் காட்டுவான். ஒரு நாள், “இன்னும் நம்பலியா?” என்று கேட்டான்.

“நம்பல” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

புரட்டாசியில் மங்கையின் கழுத்துக் கட்டி ஒன்று உடைந்து சீழ் வடிந்தது. அந்த வாரம் இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மெல்ல வற்றியது. தீபாவளிக்கு முன்னால் ஜுரம் விட்டது. குழந்தை இன்னும் ஓடியாடவில்லை. பட்டறை வாசலில் உட்கார்ந்து பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கெங்கம்மா திடீரென்று கேட்டாள். “வஹாப் பாயாண்ட சொன்னியா?”

எத்திராஜ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஒரே பீடிய இய்த்தீங்கோ. ஒரே கிளாசுல டீ குட்ச்சீங்கோ. அது வூட்லயும் கைக்கொயந்த கீது.”

“மேஸ்திரியாண்ட அப்பவே சொல்லிட்டேன் கெங்கு. அவரு சொல்லி பாய்க்கும் தெரிஞ்சிருக்கும்னு…”

“நீ சொன்னியான்னுதான் கேட்டேன்.”

அவன் ராயபுரத்துக்கு நடந்தே போனான். வஹாபின் வீட்டு வாசலில் சணல் திரை தொங்கியது. கூப்பிட்டதும் வஹாப் லுங்கியோடு வெளியே வந்தான். சந்தோஷமாகத் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினான். மேஸ்திரி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று எத்திராஜுக்குத் தெரிந்தது. பின்னால் நகர்ந்தான்.

“அங்கியே நில்லு பாய். நானு சொல்றத கேளு. எனக்கு இருந்தது தூசு இல்ல.”

சொல்லச் சொல்ல வஹாபின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. திரைக்குப் பின்னால் அவன் மனைவி ரஹீமுன்னிசா நின்று கேட்டுக்கொண்டிருப்பது நிழலாகத் தெரிந்தது.

“பங்குனிலேந்தா?” என்றான் வஹாப். “பங்குனிலேந்து தெரிஞ்சிகினு, எங்கூட டீ குட்ச்சிகினு இருந்தியா? பீடி மட்டும் வாணாம்னு டபாய்ச்ச, நீ மெய்யாலுமே வுட்டுட்டன்னு நானும் நெனச்சேன். என் கொயந்தய மடியில வெச்சிகினு கொஞ்சுனியேடா, ரம்ஜானுக்கு வந்தப்போ.”

“ஆமா பாய்.”

“இன்னா ஆமா?”

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று எத்திராஜ் நின்றான். வஹாப் அடிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். உள்ளே தணிந்த குரலில் ஏதோ பேச்சு. குழந்தை சிணுங்கியது. கூரையிலிருந்து மிச்ச மழை சொட்டிக்கொண்டிருந்தது. போய்விடலாமா என்று எத்திராஜ் இரண்டு தரம் நினைத்தான்.

திரை மறுபடி விலகியது. வஹாப் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ரஹீமுன்னிசா.

“எந்த எடம்?” என்று வஹாப் கேட்டான், அவன் முகத்தைப் பார்க்காமல்.

“படம் எடுத்துப் பாக்கற எடம் கிட்டத்தான் பாய். பத்து மணிக்குத் தொறப்பாங்கோ.”

“முன்னால நட.”

எத்திராஜ் முன்னால் நடந்தான். சேறும் தண்ணீருமாக இருந்த சந்தில் அவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தார்கள்.